தண்டனைப் புத்தகத்தில் ஏறாத தண்டனை

களக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த ஆச்சி, திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிளைச்சிறை வாசலில் வயர்க்கூடையோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர்ச் சிறை என்பது வேண்டாம். கூடைக்குள் நாலைந்து ஏத்தன் பழம், ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய், துவைத்து மடித்த சட்டை இரண்டு. பேரன் ஒரு அடிதடி வழக்கில் ரிமாண்டாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, மனுப் போட்டுப் பார்க்க வந்திருக்கிறார். சிறையில் கைதியைச் சந்திப்பதற்கே ‘மனு’ என்றுதான் பேச்சு.

வாசலில் நின்ற காவலர் பேரன் பெயரைக் கேட்டார், உள்ளே போனார், திரும்பி வந்து சொன்னார்: “உங்க பேரனுக்கு மனு கட் ஆச்சி. உள்ள தப்புப் பண்ணியிருக்கான். மூணு வாரம் கழிச்சு வாங்க.”

“என்ன தப்பு பண்ணுனான் ஐயா?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது.”

ஆச்சி அழவில்லை, சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் வக்கீல் குமாஸ்தா. வேறொருவருடைய ஜாமீன் உத்தரவைக் கொடுக்கப் போயிருந்தேன். கையில் ஃபைல் இருந்ததால் விவரம் தெரிந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். “தம்பி, இத ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்களேன். சும்மா போய்ச் சொன்னா மருமவ நம்ப மாட்டா. நான் போகாமலே வந்துட்டேன்னு சொல்லுவா.”

“எழுதித் தாற வழக்கமெல்லாம் இங்க இல்ல ஆச்சி” என்றார் காவலர். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றுதான் அவர் நினைத்தார்.

ஆனால் ஆச்சி கேட்டதுதான் சட்டமும் கேட்பது. சிறைக்குள் விதியை மீறினால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ‘உள்ளே போட்டு உரித்துவிடுவான்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘காசு இருந்தால் உள்ளேயும் ராஜா’ என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், 130 வருஷத்துக்கும் மேலாக அச்சில் கிடக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தண்டனை எதுவாக இருந்தாலும் அது ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கறாரான நிபந்தனை. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் எங்கே இருக்கிறது

சிறை என்பது அரசியல் சாசனப்படி மாநிலத்தின் அதிகாரத்தில் வரும் விஷயம். ஆனாலும் அடித்தளமாக நிற்பது வெள்ளைக்காரன் காலத்து 1894ஆம் வருஷத்து சிறைகள் சட்டம். அதன் மேல் தமிழ்நாடு எழுதிக்கொண்டது 1983ஆம் வருஷத்து தமிழ்நாடு சிறை விதிகள். 2023இல் மத்திய உள்துறை ஒரு புது மாதிரிச் சட்டத்தை வரைந்து எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மாதிரி என்றால் மாதிரிதான். ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டால்தான் அது அங்கே உயிர் பெறும்.

1894 சட்டத்தின் 45ஆவது பிரிவு ‘சிறைக் குற்றம்’ என்றால் என்ன என்று வரிசையாகச் சொல்கிறது. வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பது, சக கைதியையோ ஊழியரையோ அடிப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, மிரட்டுவது, கொடுத்த வேலையைச் செய்ய மறுப்பது, வேலையைக் கெடுப்பது, சிறைப் பொருளை உடைப்பது, பதிவேட்டிலோ தன் வரலாற்றுச் சீட்டிலோ கைவைப்பது, நோய் என்று நடிப்பது, தப்பிக்கத் திட்டம் போடுவது, அப்படி ஒரு திட்டம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, தடை செய்யப்பட்ட பொருளை வைத்திருப்பது அல்லது கைமாற்றுவது.

இந்தக் கடைசி ஒன்றில்தான் இன்றைக்கு முக்கால்வாசி சண்டையும் இருக்கிறது. செல்போன், சிம் கார்டு, பேட்டரி, கஞ்சா, பீடிக்கட்டு. மதிலுக்கு வெளியே பீடிக்கட்டுக்கு ஒரு விலை, உள்ளே அது வேறு விலை. வெளியிலிருந்து தடைப்பொருளைக் கடத்திக் கொடுப்பவருக்கு 42ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மனுப் பார்க்க வரும் அம்மாவோ மனைவியோ பிள்ளை கெஞ்சினானே என்று சட்டை மடிப்புக்குள் எதையாவது வைத்துக் கொண்டுவந்து மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உள்ளே ஒருவர் இருந்த குடும்பத்தில் மறுநாள் இரண்டு பேர் மேல் வழக்கு இருக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

யார் தண்டிக்கலாம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. சிறைக் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் சிறைக்குள் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கண்காணிப்பாளர். அவருக்குக் கீழே இருக்கும் எந்த அலுவலரும் எந்தத் தண்டனையும் விதிக்கக் கூடாது என்று 48ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஜெயிலர் விதிக்க முடியாது. வார்டர் விதிக்கவே முடியாது. அவர்கள் அறிக்கை கொடுக்கலாம். கண்காணிப்பாளர் விசாரித்து, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுத்த பிறகு 51ஆவது பிரிவின் புத்தகம் வருகிறது. தண்டனைப் புத்தகம் என்றே அதற்குப் பெயர். அதில் கைதியின் பெயர், பதிவு எண், என்ன குற்றம், எந்தத் தேதி, இதற்கு முன் எத்தனை குற்றம், கடைசிக் குற்றம் எப்போது, என்ன தண்டனை, அது எந்தத் தேதியில் நிறைவேற்றப்பட்டது என்று ஒவ்வொன்றும் ஏற வேண்டும். பெரிய குற்றம் என்றால் சாட்சிகளின் பெயரும் எழுத வேண்டும். கசையடி விதித்த குற்றம் என்றால் சாட்சிகள் சொன்னதன் சாரம், கைதி தன் பக்கம் என்ன சொன்னார், கண்காணிப்பாளர் ஏன் இப்படி முடிவு செய்தார் என்பதும் எழுத வேண்டும். எதிரே ஜெயிலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.

நான் இந்தப் பிரிவை முதல் முதலில் படித்தபோது மலைத்துப் போனேன். ஒரு சின்ன கோர்ட்டையே அந்த ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். குற்றச்சாட்டு, சாட்சி, மறுப்பு, காரணம், தீர்ப்பு, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. இந்தியர்களை அடக்கி வைக்கச் சட்டம் எழுதியவர்கள்கூட, எழுதாமல் தண்டிப்பது ஆபத்து என்று புரிந்துவைத்திருந்தார்கள்.

சரி, என்னென்ன தண்டனை? லேசானதில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். முதல் படி முறையான எச்சரிக்கை. கண்காணிப்பாளர் கைதியை நேரில் நிறுத்திச் சொல்லி, அதையும் புத்தகத்தில் ஏற்றுவார். அப்புறம் இன்னும் கடினமான வேலைக்கு மாற்றுவது, நன்னடத்தைக்காக நாள் கழிக்கும் தண்டனைக் குறைப்போடு சேர்ந்த சலுகைகளை எடுப்பது, துணிக்குப் பதில் சாக்குத் துணி உடுத்த வைப்பது, கைவிலங்கு, கால்விலங்கு, 3 மாதம் வரை தனியாகப் பிரித்து வைப்பது, 14 நாள் வரை தனிச்செல், 96 மணி நேரத்துக்கு மிகாமல் உணவைக் குறைப்பது. கடைசியில், 30 அடி வரை கசையடி. 1894இன் எழுத்து இது. கசையடியைக் குற்றத் தண்டனையாகக் கொடுப்பதை நாடாளுமன்றம் 1955இல் ஒழித்துவிட்டது. உணவைக் குறைத்துத் தண்டிப்பதையும் உடலை வதைத்துத் தண்டிப்பதையும், கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015இல் அடியோடு விலக்கின. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைப்பதையும் அந்த விதிகள் தடுக்கின்றன.

உணவுக் குறைப்போ வேலை மாற்றமோ கொடுப்பதற்கு முன் மருத்துவர் கைதியின் உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் செல்லில் இருப்பவரை மருத்துவரோ அவருடைய உதவியாளரோ தினமும் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். செல்லுக்குள் இருப்பவர் எந்த நேரமும் ஒரு அலுவலரைக் கூப்பிட வழி இருக்க வேண்டும். இவையெல்லாம் அதே 1894 சட்டத்தில் இருக்கின்றன.

‘கடினமான வேலைக்கு மாற்றுவது’ என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு வ.உ.சி. நினைவு வராமல் இருக்காது. எங்கள் சீமை ஆள், ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை. 1908 மார்ச்சில் கைதாகி, திருநெல்வேலியில் வழக்கு நடந்து, ஜூலையில் பின்ஹே துரை இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது 6 வருஷமானது. கோயம்புத்தூர் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். மாடு சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு வக்கீல் சுற்றினார். அந்தச் செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அவரோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. ‘உழைப்பு’ என்று காகிதத்தில் ஒரே சொல்லாக இருப்பது உடம்பில் எப்படி இறங்கும் என்பதற்குத் திருநெல்வேலிக்காரர்கள் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம்.

எது உண்மையில் வலிக்கும்

விலங்கும் சாக்குத் துணியும் படிக்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் தண்டனைக் கைதிகளோடு பேசிப் பார்த்தால் அவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நாள் போவதற்கு.

தண்டனைக் கைதி ஒழுங்காக வேலை செய்து, புகார் இல்லாமல் இருந்தால், மாதாமாதம் சில நாட்கள் தண்டனையிலிருந்து கழியும். தண்டனைக் குறைப்பு என்பது இதுதான். விரலை மடக்கி அதை எண்ணிக்கொண்டே வாழ்கிறவர்கள் உள்ளே உண்டு. மகளுக்கு எத்தனை வயதில் வெளியே வருவோம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு செல்போன் பிடிபட்டால் அந்தக் கணக்கில் ஓட்டை விழும். அடுத்து பரோல் விண்ணப்பம் போகும்போது ‘நடத்தை’ என்ற கட்டத்துக்கு எதிரே அந்தக் குற்றம் வந்து உட்காரும். பரோலில் போனவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டாலோ நிபந்தனையை மீறினாலோ கேட்கவே வேண்டாம். போலீஸ் வாரன்ட் இல்லாமலே பிடித்து மிச்சத் தண்டனையை அனுபவிக்க அனுப்பலாம்.

பாளையங்கோட்டையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே வண்டிக்குப் பெட்ரோல் போடும் கைதி நன்னடத்தை பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர். சிவகங்கைப் பக்கம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. அங்கே வெட்டவெளியில் விவசாயம் பார்க்கலாம். அதற்கும் நடத்தைதான் சீட்டு. 2021 செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளை முன்னிட்டு நீண்ட நாள் சிறையில் இருக்கும் சுமார் 700 ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கப் போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்படி ஒரு ஆணை வரும்போதெல்லாம் உள்ளே நடத்தை திருப்தியாக இருந்ததா என்ற கேள்வியும் கூடவே வரும். ஆக, என்றைக்கோ ஒரு சண்டையில் தட்டை வீசியெறிந்ததற்கு ஏறிய ஒரு வரி, பத்து வருஷம் கழித்து ஒரு மனுஷனை வாசலில் நிறுத்தலாம்.

அதனால்தான் அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் இத்தனை தூரம் சொல்கிறேன். பொய்யாக ஏறிய வரியும் ஆபத்து. ஏறாத தண்டனையும் ஆபத்து.

விசாரணைக் கைதியின் நிலை வேறு. அவருக்குத் தண்டனையே இன்னும் வரவில்லை, பிறகு எதைக் குறைப்பது? அவரைக் கட்டாயமாக வேலை செய்ய வைக்கவும் முடியாது. சொந்தத் துணி உடுத்தலாம். வெளியாரையும் வக்கீலையும் சந்திக்க முறையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 40ஆவது பிரிவு சொல்கிறது. ஆச்சியின் பேரன் விசாரணைக் கைதி. தண்டனைக் குறைப்பு முறையோடு சேர்ந்த சலுகைகளை ரத்து செய்யலாம் என்ற விதியை வைத்து அவனுடைய மனுவில் கைவைப்பதற்கு இடமே குறைவு. அதுவும் மூன்று வாரத்துக்கு, எழுத்தில் எதுவும் இல்லாமல்.

உள்ளே நடப்பது எல்லாமே கண்காணிப்பாளரோடு முடிந்துவிடும் என்றும் இல்லை. கொடூரமான குற்றம், அல்லது எத்தனை தண்டித்தும் திருந்தாமல் திரும்பத் திரும்பச் செய்வது என்றால், 52ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். அவர் இருக்கும் தண்டனைக்கு மேல் 1 வருஷம் வரை கூட்டலாம். அடிதடி, கொலை முயற்சி என்றால் வழக்கமான போலீஸ் வழக்கே பாயும். ஆனால் அதே குற்றத்துக்கு உள்ளே ஒரு தரம், 52ஆவது பிரிவில் இன்னொரு தரம் என்று இரண்டு முறை தண்டிக்கக் கூடாது. இந்தச் சட்டம் ஊழியரையும் விடவில்லை. கடமை தவறும் கீழ்நிலைச் சிறை ஊழியருக்கு 3 மாதம் வரை சிறை என்று 54ஆவது பிரிவில் இருக்கிறது.

எழுதாத விதிகள்

1979இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை ஒரு தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்று எழுதினார். பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து பணம் கறக்கத்தான் அந்த வதை. நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. தனிச்செல், வசதிகளை மறுப்பது, தண்டனை மாதிரி வேறு சிறைக்கு மாற்றுவது இவையெல்லாம் செஷன்ஸ் நீதிபதியின் பார்வைக்குப் போகாமல் நடக்கக் கூடாது, அவசரம் என்றால் நடந்த 2 நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சிறைக்குள் போனவனும் மனுஷன்தான், அவனுடைய அடிப்படை உரிமைகள் வாசலிலேயே கழற்றி வைக்கப்படுவதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். பாளை மத்திய சிறை பழைய சிறை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மு. கருணாநிதியை இங்கேதான் தனிமையில் வைத்திருந்தார்கள். இந்தச் சிறையைப் பற்றி ஊருக்கே தெரிந்த இன்னொரு விஷயம், கைதிகள் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக்கில் இருந்தது. இதை எதிர்த்துப் போன ஒரு வழக்கில், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் சகஜம், உள்ளேயும் மோதல் வந்துவிடக் கூடாது என்றுதான் பிரித்து வைக்கிறோம் என்றது அரசு. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

10 வருஷம் கழித்து, 2024 அக்டோபர் 3ஆம் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பாளையங்கோட்டையின் பெயரே வருகிறது. ஒழுங்கைக் காக்கிறேன் என்று சொல்லிச் சாதியைக் காக்கக் கூடாது, ஒழுங்குக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. சிறைப் பதிவேடுகளில் சாதி என்ற கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. 3 மாதத்துக்குள் மாநிலங்கள் தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும் என்றது.

பிரித்து வைத்தால் சண்டை வராது என்ற நம்பிக்கைக்கு 2021 ஏப்ரலில் இந்தச் சிறையிலேயே பதில் கிடைத்திருந்தது. வேறொரு கிளைச்சிறையிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு இளம் விசாரணைக் கைதி, வந்து சேர்ந்த அன்றைக்கே சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சிறை ஊழியர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பம் இரண்டு மாதத்துக்கும் மேல் உடலை வாங்க மறுத்தது. நாளிதழ்களில் அந்தக் குடும்பத்தின் போராட்டச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எந்தப் பிளாக்கில் யாரை அடைப்பது, அதை யார் முடிவு செய்வது, எந்தக் காரணத்துக்காக என்பது ஒரு தாளில் இருந்தால், அதற்குப் பதில் சொல்ல ஒரு கையெழுத்து இருக்கும். தாள் இல்லாத இடத்தில் ஊருக்குள் இருக்கும் பகையே உள்ளே விதியாகிவிடும்.

எழுத்தின் அருமை தெரிய வேண்டுமானால் சேர்க்கை நாளையும் பார்க்க வேண்டும். ஒருவர் சிறைக்குள் வந்ததும் மருத்துவர் பார்த்து, உடம்பில் உள்ள காயம், தழும்பு எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது 24ஆவது பிரிவு. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே, ஒரு இரவு இடைவெளியில், தகப்பனும் மகனும் இறந்தார்கள். சிறைக்கு வரும்போது அவர்கள் உடம்பில் என்ன காயம் இருந்தது, யார் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்றுதான் நாடே கேட்டது. காயத்தை எழுதினால் அது ஸ்டேஷனில் பட்டதா, சிறையில் பட்டதா என்று பிரித்துச் சொல்லலாம். அந்த ஒரு பக்கம் கைதிக்கும் பாதுகாப்பு, நேர்மையான சிறை அலுவலருக்கும் பாதுகாப்பு.

சிறை ஊழியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான ஆட்கள் அடைந்து கிடக்கும் பிளாக்குக்குள் ஒரு லத்தியோடு போகிற வார்டரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் எழுதிய அறிக்கையை மேலே யாரும் மதிக்காதபோது, கையால் கணக்குத் தீர்க்கத் தோன்றும். அறிக்கைக்கு மதிப்பு இருந்தால் கை நீளாது. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஒரு தலைமைக் காவலர் சொல்வார்: “அடிச்சா அன்னைக்கோட மறந்துருவான் அண்ணாச்சி. புக்குல ஏத்தினாத்தான் பயப்படுவான்.”

வெளியே இருப்பவர்கள் செய்யக்கூடியது

உள்ளே இருப்பவருக்குத் தண்டனை கொடுத்தார்கள் என்று தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது தேதியும் குற்றமும். வாய்வார்த்தையில் பதில் வந்தால், கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். மாவட்ட நீதிபதி சிறைக்கு ஆய்வுக்கு வருகிறவர், அவருக்கே நேரடியாக எழுதலாம். அடி, உயிருக்கு ஆபத்து என்றால் தாமதிக்காமல் வக்கீலைப் பிடித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 2004இல் அந்தக் கிளை வந்ததிலிருந்து நம் ஆட்கள் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டியதில்லை.

இன்னொரு வழி தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய கேள்வியாக இருந்தால் 48 மணி நேரம்தான் கெடு.

ஆச்சிக்கு இந்த வழியில்தான் போனோம். அன்றைக்கு வாசலில் அவர் கொண்டுவந்த சட்டைகளை மட்டும் வாங்கி உள்ளே அனுப்பினார்கள். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கருப்பட்டி மிட்டாயைத் திரும்பக் கூடைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் பேரனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்ன, என்ன குற்றத்துக்கு, யார் விதித்தது, தண்டனைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு நகல் வேண்டும். நாலே வரி.

மூன்று வாரம் கழித்து அவருக்குப் பேரனைப் பார்க்க விட்டார்கள். பையன் என்ன நடந்தது என்று எதுவும் சொல்லவில்லையாம். மெலிந்திருந்தான் என்று மட்டும் ஆச்சி சொன்னார். பதில் தபால் அதற்கடுத்த வாரம் வந்தது. என் ஆபீஸ் முகவரிக்குத்தான் வந்தது, ஆச்சியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். மேற்படி காலத்தில் மேற்படி சிறைவாசிக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை, எனவே நகல் வழங்க இயலாது.

“இன்னொரு தடவ படிங்க தம்பி.”

படித்தேன்.

“தண்டனையே இல்லைன்னா, அந்த மூணு வாரம் அவன யாரு பாக்க விடல?”

தாளை வாங்கி நாலாக மடித்தார். சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் அடியில் வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினார். “மருமவ கிட்ட காட்டணும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.